எல்லைக்கு ஓர் இரங்கல்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து, 1954 நவம்பர் 1 அன்று கண்மூடிய அந்த எல்லைக்கு அன்றைக்கு யாரும் அழவில்லை. அழ வேண்டிய நாளும் அது அன்று. கடல் கடந்து வந்த இரு கும்பினிகள் நம்முடைய மண்ணில் நம்மைக் கேளாமல் போட்டுக்கொண்ட கோடு அழிந்தது. புதுச்சேரியில் மூவண்ணக் கொடி ஏறியது. அந்த மகிழ்ச்சியின் நடுவே, போகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. எழுபது ஆண்டு தாண்டிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னால் தேசத் துரோகம் ஆகிவிடாது என்று நினைக்கிறேன்.

மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு அந்த எல்லையோடு தினப்படிப் பழக்கம் இருந்ததில்லை. நாங்கள் விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே, கடற்காற்று எட்டாத உள்நாட்டில் கிடப்பவர்கள். ஆனாலும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் பிறந்தவருக்கு மஞ்சக்குப்பம் போகாமல் காலம் கழிந்ததில்லை. கலெக்டர் கச்சேரி அங்கே, ஜில்லா கோர்ட்டு அங்கே, தோற்றவர் போகிற சிறையும் அங்கே. காலையில் வாய்தாவுக்குப் போன மனிதர் இருட்டியும் வீடு திரும்பவில்லையென்றால், வக்கீலைக் குறை சொல்வதற்கு முன்னால் 'பாண்டிக்குப் போயிருப்பார்' என்று வீட்டுப் பெண்கள் முணுமுணுத்துக்கொள்வார்கள். பெண்ணையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வேறொரு ராச்சியம் வந்துவிடும், அங்கே வேறு போலீசு, வேறு சட்டம், வேறு காசு என்ற அறிவு, கடலைக் கண்ணால் பார்க்காத எங்கள் ஊர்க் கிழவர்களுக்கும் இருந்தது. சிறிய அறிவுதான். அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அது பிறந்த கதை வேடிக்கையானது. பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றிவிட்டார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 1690-இல், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் ஆங்கிலேயக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிற்று. கோட்டை மட்டும் போதவில்லை; சுற்றியுள்ள நிலமும் வேண்டுமென்றார்கள். எவ்வளவு நிலம் என்ற கேள்விக்குப் பீரங்கிதான் விடை சொல்லிற்று. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் கும்பினிக்கு என்று ஏற்பாடு. குண்டு விழுந்த இடத்துக்கு உள்ளே அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் கடலூரை ஒட்டி ஊர் இருக்கிறது. உலகத்து எல்லைகளையெல்லாம் ஆறும் மலையும் பிரிக்கின்றன, அல்லது வழக்கறிஞர்கள் பிரிக்கிறார்கள். நம்முடைய பெரியவரை வெடிமருந்து பெற்றெடுத்தது. கோட்டைக்குப் புனித டேவிட் பெயரை வைத்து, கெடிலத்தின் முகத்துவாரத்தில் வணிகம் நடத்தி, கடலூரை அவர்கள் தங்கள் சந்தை நகரமாக ஆக்கிக்கொண்டார்கள். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி மூட்டை மூட்டையாக வந்து கடலூரில் இறங்கி, அங்கிருந்து கப்பலேறிற்று.

இளமைக் காலத்துப் போர்களை இங்கே விரித்துச் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் அவற்றை வருடக் கணக்காக ஒப்பித்தவர்கள்தாமே நாம் எல்லாரும். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆறு ஆண்டுக் காலம் ஆங்கிலேயரின் தென்னகத் தலைமையிடமே தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அந்தக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1761-இல் ஆங்கிலேயர் பதிலுக்குப் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகும் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக அரை நூற்றாண்டு ஓடிற்று. ஐரோப்பாவில் யாரோ கையெழுத்திட்டால் இங்கே எல்லை மறுபடி முளைக்கும். அங்கே யாரோ சண்டைக்குக் கிளம்பினால் இங்கே அழியும். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஊர்ச்சனங்கள் மூட்டைமுடிச்சோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிய நாட்களை எழுதி வைத்திருக்கிறார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1816-இல் புதுச்சேரி கடைசி முறையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபோதுதான் எல்லைக்கு ஒரு நிலையான வயது வந்தது.

வயது வந்தபோது அதன் உடம்பு நேராக இல்லை. வில்லியனூரும் பாகூரும், நவாபுகள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற காலத்தில் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தவை; போரில் இழந்ததும் ஒப்பந்தத்தில் மீண்டதும் போக மிஞ்சியது, தென்னார்க்காட்டுக்குள் இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாகச் சிதறிக் கிடந்தது. ஒரே சாலையில் நேராக நடந்தாலே ஆங்கிலேயர் ஊர், பிரெஞ்சுக்காரர் ஊர், மறுபடி ஆங்கிலேயர் ஊர் என்று வரும். தெற்கே கடலூர்ச் சாலையில் மட்டும் அது ஓரளவு ஒழுங்காக நின்றது: ரெட்டிச்சாவடி வரை இந்தப் பக்கம், முள்ளோடையிலிருந்து அந்தப் பக்கம், பிறகு கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரி வரை. நடக்கிறவரின் காலுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அதே சவுக்கு, அதே தென்னை, அதே மணல். பெண்ணையாற்றின் குறுக்கே இந்தப் பக்கம் சொர்ணாவூரில் கட்டிய அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் கிளம்பி, யாரிடமும் சீட்டுக் காட்டாமல் எல்லையைக் கடந்து, அந்தப் பக்கம் பாகூர் ஏரியை நிரப்பிற்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. அங்காளம்மன் கொடையும் மாசி மகமும் ஆட்சி பார்த்து நடப்பவை அல்ல. மீன்பிடிப் படகுகளுக்குக் கடலில் கோடு போட யாராலும் முடியவில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். ஆனால் நம்மவர் வீட்டுப் பெரியவர்களுக்குக் குறையே இல்லையா என்ன? குறையையும் சேர்த்துத்தானே அவர்களை நினைத்துக்கொள்கிறோம். இந்த எல்லைக்கும் கறுப்புப் பக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தவர்கள், ஆங்கிலேயர் பகுதியில் பஞ்சத்தில் அடிபட்டு நின்ற குடிகளை ஆசை காட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களில் பலர் பிறந்த ஊரை மறுபடி பார்க்கவில்லை. எங்கள் உள்நாட்டுச் சனங்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அது போக, ஒரு பக்கம் வரி ஏறினால் மறுபக்கத்திலிருந்து சரக்கு இருட்டில் வரும். இருட்டில் வருகிற சரக்கை நம்பியே சில ஊர்கள் வீடு கட்டின. சாராயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனை குறையையும் மன்னிக்கச் செய்த ஒரு சேவையை அந்த எல்லை 1908-இல் தொடங்கிற்று.

அந்த ஆண்டு சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் மேல் அரசாங்கத்தின் கை விழுந்தது. சட்டப்படி பத்திரிகையின் ஆசிரியராகப் பெயர் பதிந்திருந்தவரைக் கைது செய்தார்கள். அடுத்த வாரண்ட் உண்மையில் எழுதுகிறவருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சி. சுப்பிரமணிய பாரதி இருபத்தைந்து வயதில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அறிமுகமில்லாத ஊர், கையில் காசில்லை, முதலில் இடம் கொடுத்தவர்களையும் போலீஸ் மிரட்டிப் பார்த்தது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. அச்சு இயந்திரமும் எல்லையைக் கடந்துவிட்டிருந்தது! ஆங்கிலேயர் பகுதிக்குள் அதை வரவிடாமல் தடுத்த பிறகு, 1910 மார்ச்சில் பத்திரிகை மூச்சுத் திணறி நின்றது. எழுதியவர் நிற்கவில்லை.

அவர் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்தது என்றில்லை. 1910 ஏப்ரலில் வங்காளத்திலிருந்து அரவிந்தர் வந்தார். அவரும் முதலில் சந்தன்நகர் என்ற இன்னொரு பிரெஞ்சு ஊரில் ஒதுங்கி, பிறகு கடல் வழியாக இங்கே வந்தவர். அதே ஆண்டு, லண்டனிலிருந்து தப்பிய வ.வே.சு. ஐயர் முஸ்லிம் வேடத்தில் வந்து இறங்கினார். சில ஆண்டுகள் புதுச்சேரியின் சில தெருக்களுக்குள் இருந்த அறிவுக்கும் நெஞ்சுரத்துக்கும் ஈடாக, அன்றைய சென்னை ராஜதானி முழுவதிலும் சேர்த்துத் தேடினாலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

எல்லை அவர்களைச் சும்மா காத்துவிடவில்லை. அதைக் காக்க விடாமல் செய்ய என்னென்னவோ நடந்தது. ஆங்கிலேய உளவாளிகள் புதுச்சேரிக்குள்ளேயே வீடெடுத்துத் தங்கினார்கள். புதுச்சேரியில் இயங்கிய பிரிட்டிஷ் தபாலாபீசில் கடிதங்கள் பிரிக்கப்பட்டன, மணியார்டர்கள் மறிக்கப்பட்டன. 1911-இல் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் கொலைக்குப் பிறகு நெருக்கடி முற்றிற்று. வெளியிலிருந்து வந்தவர்கள் ஊர்ப் பெரியமனிதர் ஐந்து பேரின் கையொப்பத்தோடு தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அஞ்சாமல் கையொப்பமிட ஐந்து புதுச்சேரிக்காரர்கள் கிடைத்தார்கள். அவர்களைத் திரட்டிக் கொடுத்தவர் கலவை சங்கரச் செட்டியார். ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்ச் சாட்சியமாகக் காகிதங்கள் அடைத்த பாத்திரம் போடப்பட்டது. அகதிகளே அதை எடுத்துப்போய்ப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் காட்டினார்கள். சோதனைக்கு வந்த நீதிபதி அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையோடு திரும்பிப் போனார். 1914-இல் போர் மூண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே அணியில் நின்ற பிறகு, இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. இரண்டு காவலாளிகளும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்ற அந்த நாலாண்டிலும் எல்லை தன் பணியை விடவில்லை; அவைதான் அதன் வாழ்க்கையில் மிகப் பெரிய நாட்கள் என்று நான் நினைப்பேன்.

அந்தப் பத்தாண்டில் தமிழுக்குக் கிடைத்தது என்ன என்று இந்தக் கட்டுரையைப் படிக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'பாஞ்சாலி சபத'த்தின் முதற் பாகம் 1912-இல் அங்கேதான் வெளிவந்தது. 'குயில் பாட்டு' அங்கே பிறந்தது. 'கண்ணன் பாட்டு' அங்கே எழுதப்பட்டு, 1917-இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் சென்னையில் நூலாயிற்று. எழுதியவர் தாண்ட முடியாத கோட்டை அவருடைய கையெழுத்துப் பிரதி தாண்டிற்று. உள்ளூரில் பிறந்து பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர், அவரைச் சந்தித்த பிறகு தம் பெயரையே மாற்றி வைத்துக்கொண்டார். ஒரு சாவடிக்கம்பும் நாலு சிப்பாய்களும் ஒரு மொழிக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள். அரண்மனைகள் செய்ததுண்டா?

ஆனால் காப்பாற்றுகிற எதுவும் ஒரு கட்டத்தில் அடைத்து வைப்பதாகவும் ஆகிவிடுகிறது. பத்து ஆண்டு என்பது சின்னக் காலமில்லை. வறுமை, கண்காணிப்பு, சொந்த ஊர்ப் பக்கம் தலை காட்ட முடியாத ஏக்கம். மூவரில் அரவிந்தர் எல்லையைத் திரும்பத் தாண்டவே இல்லை; 1950-இல் அங்கேயே மறைந்தார். ஐயர் பொறுத்திருந்து, பொதுமன்னிப்பு வந்த பிறகு 1920-இல் தலைநிமிர்ந்து நடந்துபோனார். பாரதிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. 1918 நவம்பர் 11-இல் ஐரோப்பாவில் போர் நின்றது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20-இல், அவர் திருநெல்வேலிக்கென்று கிளம்பினார்.

ஆங்கிலேயர் மண்ணில் கால் வைத்ததும் பிடித்துவிட்டார்கள். வில்லியனூர் அருகே பிடித்தார்கள் என்பது வழிவழியாக வருகிற பேச்சு. தாம் கடலூரில் கைதானதாக அவரே தம் விண்ணப்பத்தில் எழுதினார். எங்கே ஆனாலும் கொண்டுபோய் அடைத்தது கடலூர்ச் சிறையில். பீரங்கிக் குண்டால் அளந்து வாங்கப்பட்ட அந்த ஊர், கும்பினியின் பழைய சந்தை நகரம், தமிழின் பெரிய கவிஞருக்கு இடம் கொடுத்தது இருபத்தைந்து நாள். விருந்தோம்பல் என்று சொல்ல முடியாது.

திருப்பாதிரிப்புலியூரில், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய கதையைச் சொல்லாத தாய் எங்கள் பக்கம் இல்லை. அதே கரையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து இன்னொரு பாட்டுக்காரர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஊர் அதை அறிந்திருந்ததா, சிறைக்கு வெளியே யாராவது வந்து நின்றார்களா என்றெல்லாம் கற்பனை செய்யத் தோன்றும். கற்பனை செய்வதற்கு நமக்கு உரிமை இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்: நவம்பர் 28-ஆம் தேதி அவர் ஆளுநர் பென்ட்லண்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசியலை விட்டுவிட்டதாகவும், சட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டு நடப்பதாகவும் அதில் உறுதி சொன்னார். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சிலர் பேசுவதே இல்லை. எனக்கு அதில் கூசுவதற்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்த மனிதர், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையிலிருந்து எழுதினது அது. ஒரே கைதான் இரண்டையும் எழுதிற்று. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது ஒரு மனிதனின் எழுத்துக்கு எவ்வளவு செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எல்லையின் உபகாரத்தை நான் அந்த விண்ணப்பத்தில்தான் முழுதாக அறிந்தேன்.

டிசம்பர் 11 வந்தது. அது அவருடைய பிறந்தநாள். முப்பத்தாறு வயது கடலூர்ச் சிறையில் நிறைந்தது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 14-இல், அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ஆசிரியர் ரங்கசாமி ஐயங்கார் ஆகியோர் எடுத்த முயற்சியால் விடுதலை ஆனார். எழுதுவதைப் போலீசுக்குக் காட்டிவிட்டு வெளியிட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு வந்த விடுதலை. அங்கிருந்து கடையத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த ஆயுள் மூன்று ஆண்டுகூட இல்லை. கேப்பர் மலைமேல் மத்தியச் சிறை வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது; விழா நாட்களில் அதிகாரிகள் மாலை போடுகிறார்கள். எல்லை நின்ற இடத்தில் சிலை எதுவும் இல்லை.

பிறகு எல்லை கொஞ்சம் ஓய்ந்தது. இளையவர்கள் அகிம்சை வழியில் சிறைக்குத் தாமாகவே நடந்துபோன காலம் வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள இடம் தேடுவோர் குறைந்தார்கள். 1927-இல் சென்னையில் நீல் சிலையை அகற்றப் போராடிச் சிறை சென்ற கடலூர் அஞ்சலையம்மாளுக்கு ஓடி ஒளியும் எண்ணமே இருந்ததில்லை. 1941-இல் இரு பக்கத்துக்கும் பொதுவான சுங்க ஏற்பாடு வந்தபோது சாவடிகளில் கெடுபிடி தளர்ந்தது. முதுமையில் அமைதியாகப் போய்விடும் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

1947 வந்து அதைத் தலைகீழாகப் புரட்டிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் சுதந்திரம், அந்தப் பக்கம் இன்னும் பிரெஞ்சு ஆட்சி. நாற்பதாண்டுக்கு முன் அடைக்கலம் தேடி எந்தத் திசையில் ஓடினார்களோ, இப்போது அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடினார்கள். புதுச்சேரியில் விடுதலை கேட்டவர்களைக் குண்டர்கள் அடித்தார்கள். 1950 ஜனவரியில் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் வீடு எரிக்கப்பட்டது. அவரும் அவரைப் போன்றவர்களும் தென்னார்க்காட்டு மண்ணில், கோட்டக்குப்பம் போன்ற எல்லையோர ஊர்களில் இருந்து போராட்டத்தை நடத்தினார்கள். ஒருகாலத்தில் கவிஞரைப் பிடித்து அடைத்த அதே ஜில்லா, இப்போது ஓடி வந்தவர்களுக்குப் படுக்கப் பாயும் சாப்பிடச் சோறும் கொடுத்தது. எல்லைக்குத் தன் பிள்ளைகளில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற கணக்கு இருந்ததில்லை. துரத்துகிறவன் எந்தப் பக்கம் இருக்கிறானோ அதற்கு மறுபக்கம் ஒரு வாசல் திறந்திருக்கும். அவ்வளவுதான் அதன் தருமம்.

இதைச் சொல்லும்போது ஒரு நினைப்பு வராமல் இருப்பதில்லை. குமரி முதல் இமயம் வரை ஒரே போலீசும் ஒரே சட்டமும் ஆனதில் நமக்குப் பெருமை உண்டு, வேண்டித்தானே பெற்றோம். ஆனால் 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் எங்கே ஓடுவது என்று சுற்றிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டரில் வேறொரு நாடு இருந்த காலம் போய்விட்டிருந்தது.

எல்லையின் கதைக்குத் திரும்பினால், சில ஆண்டு நோய்க்குப் பிறகு, சாவு சில மாதத்தில் வந்தது. 1949-இல் சுங்க ஏற்பாடு முறிந்ததும் இந்திய அரசு சாவடிகளை இறுக்கிற்று. கடிகாரமும் தங்கமும் கடத்துவோர் பாடு கொண்டாட்டம், பாகூரிலிருந்து கடலூர் வந்து காய்கறி விற்றவர் பாடு திண்டாட்டம். 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சுக்காரரின் ஆளாக இருந்த எதுவார் குபேர் இணைப்புக்கு மாறி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். ஊர் ஊராகக் கொடி மாறிற்று. அக்டோபர் 18-இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைவதற்கு, 8 பேர் வேண்டாமென்பதற்கு. அந்த எட்டுப் பேரில் யாருக்காவது எல்லையின் மேல் பாசம் இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். மூன்று நாளில் ஒப்பந்தம். நவம்பர் 1-இல் பிரெஞ்சு அதிகாரி பியேர் லாந்தியிடமிருந்து இந்திய அரசின் சார்பில் கேவல் சிங் ஆட்சியைப் பெற்றுக்கொண்டார். உயிர் அன்று போனாலும், பதிவு முடிய எட்டாண்டு ஆயிற்று: பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி மாற்றம் நிறைவேறிற்று. எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்குகளோடு ஒப்பிட்டால் விரைவுதான்.

மறைந்த எல்லைக்கு வாரிசுகள் உண்டு. சிதறிய அந்த உடம்பின் வடிவம் அப்படியே யூனியன் பிரதேசத்தின் வரைபடத்தில் இருக்கிறது; புதிதாக வேலைக்கு வருகிற தாசில்தார்கள் அதைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்கள். சாராயக் கடத்தலைத் தடுக்கும் பொறுப்பை ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி ஏற்றுக்கொண்டு, மனிதரை விட்டுவிட்டுப் பையைச் சோதிக்கிறது. 1962-இல் ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு. அவர்களுடைய மக்களும் பேரமக்களும் புதுச்சேரியில் இருக்கிறார்கள். பிரான்சில் அதிபர் தேர்தல் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வேட்டியும் சேலையுமாகப் போய் வரிசையில் நின்று, வாக்களித்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.